‘தவறி விழுந்துட்டேன்’ என்று சொன்ன பிள்ளை

2022 மே மாதம். திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். ஆறாம் வகுப்புப் படிக்கும் பதினோரு வயதுப் பையன் உடம்பில் தீக்காயங்களோடு வீட்டுக்கு வந்தான். பதறிப்போன பெற்றோர் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். எரிந்துகொண்டிருந்த முள்புதரில் தவறி விழுந்துவிட்டதாகச் சொன்னான். அவர்களும் நம்பினார்கள். பிறகு திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. அதே பள்ளியில் படிக்கும் மூன்று பையன்கள் சாதியைச் சொல்லித் திட்டி, அவனை நெருப்பில் தள்ளியிருக்கிறார்கள். பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியில் இறங்கித்தான் தப்பியிருக்கிறான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. செய்தி நாடு முழுக்கப் போனது.

பையனின் பெயரும் ஊரும் பள்ளியும் இங்கே வேண்டாம். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டக்கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அதுதான் முறை.

அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பெரும்பாலும் நெருப்பைப் பற்றித்தான் பேசினார்கள், அதில் தவறில்லை. ஆனால் அவன் சொன்ன முதல் பதிலையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உடம்பு எரிந்த நிலையிலும் ஒரு குழந்தை தன்னைப் பெற்றவர்களிடம் நடந்ததைச் சொல்லவில்லை. தள்ளியவர்கள் மேல் இருந்த பயமா, சொன்னால் வீட்டுக்குப் பிரச்சினை வரும் என்ற கவலையா, சாதிப் பேர் சொல்லித் திட்டு வாங்கியதை வாய்விட்டுச் சொல்லும் கூச்சமா, எது என்று வெளியிலிருந்து யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஒன்று மட்டும் தெரிகிறது. அவ்வளவு பெரிய வலியையும் பயத்தையும் அவன் தனியாகச் சமாளிக்கப் பார்த்தான்.

காணை, கெடார், அன்னியூர், மாம்பழப்பட்டு என்று விழுப்புரத்தைச் சுற்றியுள்ள எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணியடித்தாலும், இப்படிச் சமாளிக்கும் பிள்ளைகள் சிலர் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துதான் வெளியே வருகிறார்கள். எல்லாரும் தீக்காயத்தோடு வருவதில்லை. பட்டப்பெயர், சாதிப் பேச்சு, உடம்பைப் பற்றிய கிண்டல், டிபன் டப்பாவைத் தட்டிவிடுவது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டுச் சிரிப்பது, ‘அவகூடப் பேசாதீங்கடி’ என்று ஒதுக்கிவைப்பது எனப் பெரும்பாலும் தழும்பில்லாத காயங்கள்தான். யுனெஸ்கோ 2019-இல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கையின்படி, பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களின் துன்புறுத்தலுக்கு ஆளானவர். நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் அது பன்னிரண்டு, பதின்மூன்று பிள்ளைகள்.

எது விளையாட்டு, எது இல்லை

‘பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க’ என்ற பேச்சைக் கேட்காத ஊர் கிடையாது. பிள்ளைகள் சண்டை போடுவார்கள், மறுநாள் தோளில் கைபோட்டு நடப்பார்கள் என்பதும் உண்மைதான். எல்லாச் சண்டையும் கொடுமையாகிவிடாது.

இரண்டையும் பிரித்துக் காட்டியவர் டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர். சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றியவர். அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது. திரும்பத் திரும்பச் செய்வது. செய்பவருக்கும் படுபவருக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மூன்றாவதை நம் ஊர்ப் பெரியவர்கள் எளிதில் மறந்துவிடுகிறோம். ‘நீயும் ரெண்டு போடுடா’ என்று சொல்லும் அப்பாவுக்குத் தெரிவதில்லை, எதிரே நிற்பவனுக்குப் பின்னால் ஒரு தெருவே நிற்கிறது என்று. கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் பையன், ஊர்ப் பெரிய வீட்டுப் பையனைத் திருப்பி அடித்தால் மறுநாள் என்ன நடக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பலம் என்பது உடல் பலம் மட்டுமல்ல. சாதி, பணம், ஆள்கட்டு, நிறம், நன்றாகப் படிக்கிறவன் என்ற பெயர் எல்லாமே வகுப்பறையில் பலமாக மாறுகின்றன.

இருளர் குடும்பத்துப் பிள்ளைகளைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி, அதாவது பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாகப் பல ஆண்டுகளாக அந்த மக்களோடு நிற்கிறார். ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் நடத்தி வந்தவர் அவர். வகுப்பில் இழிவாக நடத்தப்படும் இருளர் பிள்ளைக்குப் பள்ளியைவிட்டு நின்றுவிடுவதுதான் கண்ணெதிரே தெரியும் ஒரே வழி. நம் கணக்கில் அது ‘இடைநிற்றல்’ என்று பதிவாகும். காரணம் பதிவாகாது.

உள்ளே நடப்பது என்ன

மனத்தில் எழும் கோபம், பயம், அவமானம், துக்கம் இவற்றை ஒரு மனிதர் எப்படிக் கையாள்கிறார் என்பதை உளவியலில் உணர்ச்சி ஒழுங்காக்கம் என்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் இதை ஐந்து படிகளாக வகுத்தார். முதல் படி, உணர்ச்சியைக் கிளப்பும் சூழலுக்குள் போகாமல் தவிர்ப்பது. இரண்டாவது, அந்தச் சூழலை மாற்றுவது. மூன்றாவது, கவனத்தை வேறு பக்கம் திருப்புவது. நான்காவது, நடந்ததை வேறு விதமாகப் புரிந்துகொள்வது. ஐந்தாவது, வந்துவிட்ட உணர்ச்சியின் வெளிப்பாட்டை மாற்றுவது, பெரும்பாலும் அடக்கிக்கொள்வது.

இந்த ஐந்தையும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் இடத்தில் வைத்துப் பாருங்கள். சூழலுக்குள் போகாமல் இருக்க அவளால் முடியுமா? பள்ளிக்குப் போயாக வேண்டும், அதே பேருந்தில் ஏறியாக வேண்டும், அதே பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும். சூழலை மாற்ற முடியுமா? அது பெரியவர்கள் கையில் இருக்கிறது. கணக்குப் பாடத்தில் கவனத்தை வைக்கலாம் என்றால் பின்பெஞ்சிலிருந்து அந்தப் பட்டப்பெயர் காதில் விழுகிறது. ‘அவங்க சொன்னா நான் அப்படி ஆயிடுவேனா’ என்று மாற்றி யோசிக்க, நிதானமான மனமும் துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். மிச்சம் இருப்பது ஐந்தாவது படி மட்டும். அடக்கிக்கொள்வது.

வீட்டில் நாம் சொல்வதும் அதைத்தான். ‘கண்டுக்காத.’ ‘பெருசு படுத்தாத.’ ‘பொம்பளப் புள்ள, வாய மூடிக்கிட்டு போயிட்டு வா.’ அன்போடு சொல்லும் வார்த்தைகள்தான். ஆனால் முதல் இரண்டு படிகளில் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல், கடைசிப் படியைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைக்கிறோம்.

மதகை மூடிவிட்டால் ஏரிக்கு வரும் தண்ணீர் நின்றுவிடாது. கரை எங்கே இளகியிருக்கிறதோ அங்கே உடைத்துக்கொண்டு போகும். அடக்கிய பிள்ளையிடமும் அதுதான் நடக்கிறது. பள்ளியில் வாய் திறக்காதவன் வீட்டுக்கு வந்து தங்கையை அடிக்கிறான். யாராவது பேனா கேட்டால்கூட இன்னொருத்தி அழுகிறாள். திங்கட்கிழமை காலையில் தவறாமல் வயிறு வலிக்கிறது. தூக்கம் கெட்டு வகுப்பில் தலை சாய்கிறது. யாரோ தோளைத் தொட்டால்கூடச் சீறுகிறான். அமெரிக்காவின் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்துக் கேட்டி மெக்லாஃப்லின் குழுவினர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சக மாணவர்களின் துன்புறுத்தல் முதலில் உணர்ச்சிகளைக் கையாளும் திறனைக் குலைக்கிறது, அந்தக் குலைவின் வழியாகத்தான் பின்னால் மனச்சோர்வும் பதற்றமும் வருகின்றன என்பது அவர்கள் கண்டது. அதாவது, ‘இவ எதுக்கெடுத்தாலும் அழுவா, அதான் எல்லாரும் கிண்டல் பண்றாங்க’ என்று நாம் சொல்லும்போது, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் பேசிவிட வாய்ப்பு மிக அதிகம்.

வயதும் இதில் சேர்கிறது. நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அச்சத்தையும் ஆத்திரத்தையும் கிளப்பும் பகுதிகளோ பதின்பருவத்தில் மிகத் துடிப்பாக வேலை செய்கின்றன. சக வயதினர் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே உலகமாக இருக்கும் பருவம் அது. நாற்பது வயதில் ஒரு கேலி மனத்தில் அரை மணி நேரம் நிற்கும். பதின்மூன்று வயதில் பருவத்தேர்வு முடிந்த பிறகும் நிற்கும்.

பள்ளியின் கண்ணுக்கு அடிக்கடி தப்பிவிடும் ஒரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல நாள் பொறுத்துப் பொறுத்து ஒரு நாள் திருப்பி அடித்துவிடும் பிள்ளை. அந்த அடி மட்டும்தான் ஆசிரியர் கண்ணில் படுகிறது. முட்டி போடுவதும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வருவதும் அவனுக்குத்தான். ‘திமிரு புடிச்சவன்’ என்ற பெயரும் அவனுக்குத்தான். துன்பப்பட்டவனாகவும் துன்புறுத்துபவனாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் மனநலச் சிக்கல்கள் கூடுதலாக வருகின்றன என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

சொன்ன பிறகு என்ன நடந்தது

‘சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்ல’ என்று பிள்ளைகளைக் கேட்பது எளிது. சொன்ன பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 9. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பட்டியல் சமூக மாணவன் ஒருவனை உடன் படித்தவர்கள் நீண்ட நாளாக ஏவல் வேலை வாங்கியும் மிரட்டியும் வந்தார்கள். அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தது. நடந்ததை அவன் அங்கே சொன்னான். அதன் பிறகு, இரவு நேரத்தில் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தாக்கியவர்களும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள்.

மாணவன் உயிர் பிழைத்தான். மருத்துவமனையிலும் அதற்குப் பிறகும் நீண்ட சிகிச்சை. 2024 மே மாதம் வந்த பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தான். தமிழ்நாடே பாராட்டியது, பாராட்டுக்கு அவன் முழுத் தகுதியுள்ளவன். ஆனாலும் அந்த மதிப்பெண்ணைக் காட்டி ‘பாத்தியா, மனசு வெச்சா முடியும்’ என்று அடுத்த பிள்ளைக்குப் புத்தி சொல்வது சரியல்ல. வெட்டுப்பட்ட பிள்ளைக்கு அசாதாரணமான உறுதி இருந்தது என்பதால், வெட்டுப்படும் நிலைக்கு அவனை விட்டுவிட்ட ஏற்பாடு சரியாகிவிடாது.

அவன் செய்தது எல்லாப் பாடப் புத்தகமும் சொல்வதுதான். பெரியவரிடம் சொன்னான். குறை, சொன்ன பிறகு நடக்க வேண்டியவற்றில் இருக்கிறது. சொன்ன செய்தி எதிர்த்தரப்பின் காதுக்குப் போகாமல் இருக்க வேண்டும், சொன்னவனுக்குப் பாதுகாப்பு வேண்டும், சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும், இரு வீட்டாரிடமும் பேச வேண்டும். பாடமும் நடத்தி, வருகைப் பதிவும் போட்டு, தேர்வு வேலையும் பார்க்கும் ஒரு ஆசிரியர், இதில் பயிற்சியும் இல்லாமல், அத்தனையையும் ஒரே நாளில் சரியாகச் செய்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை, பிள்ளைக்கும் நியாயமில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று அவர் அறிக்கையைக் கொடுத்தார். கையில் கட்டும் சாதிக் கயிறு, பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதி அடையாளம் ஆகியவற்றைப் பற்றிய பரிந்துரைகள்தான் தொலைக்காட்சி விவாதங்களை நிறைத்தன. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வேண்டும், பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்கிறது அது. அதைப் பற்றி யாரும் மேசையைத் தட்டிச் சண்டை போடவில்லை. பேசியிருக்க வேண்டும்.

ஆலோசகர் என்ன செய்வார்

கவுன்சலிங் என்றால் புத்திமதி சொல்வது என்றே பலர் நினைக்கிறோம். ‘நல்லாப் படி, நல்ல பழக்கம் வெச்சுக்கோ’ என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதற்குப் பெயர் சொற்பொழிவு.

பயிற்சி பெற்றவர் முதலில் செய்வது கேட்பது. ‘நீ சொல்றத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உசுருக்கோ வேற யாரு உசுருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லித்தான் ஆகணும். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்’ என்று எல்லையை முதலிலேயே தெளிவாக வைப்பார். இந்த ஒரு உறுதிமொழி இல்லாமல் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

அடுத்தது, உணர்ச்சிக்குப் பெயர் வைக்கக் கற்றுத்தருவது. நம் பிள்ளைகள் பலருக்கும் எல்லாமே ‘ஒரு மாதிரி இருக்கு’தான். அது கோபமா, வெட்கமா, பயமா, ஏக்கமா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வேகம் குறைகிறது. கோபம் வருமுன் உடம்பு என்ன செய்கிறது என்பதையும் கவனிக்கச் சொல்வார். காது சூடாகிறதா, முஷ்டி இறுகுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று. அந்த அடையாளம் தெரிந்த பிள்ளை, கை ஓங்குவதற்குள் வகுப்பைவிட்டு எழுந்து வரலாம். அதற்கு அனுமதி வாங்கிக் கொடுப்பதும் ஆலோசகரின் வேலை. ‘இந்தப் பையன் கை காட்டினா எதுவும் கேக்காம அனுப்புங்க சார்’ என்று வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவைப்பார். மெதுவாக மூச்சை இழுத்துவிடுவது, முகம் கழுவுவது, நடந்ததை ஒரு தாளில் எழுதுவது எல்லாம் பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். பயிற்சி எடுத்த பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிடம் பெரிய அவகாசம்.

இவ்வளவும் பிள்ளையின் பக்கத்து வேலை. நல்ல ஆலோசகர் இதோடு நிற்கமாட்டார். நிற்கவும் கூடாது. சாதிப் பேர் சொல்லி அவமானப்படுத்தப்படும் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், அநியாயத்தைத் தாங்கிக்கொள்ளப் பழக்குவதாகிவிடும். அந்தப் பிள்ளையின் கோபம் நோயல்ல. அது நியாயமான கோபம். அதைத் தனக்கே கேடு வராதபடி அவன் வெளிப்படுத்த உதவும் அதே நேரத்தில், கோபத்துக்குக் காரணமான சூழலை மாற்றத் தலைமையாசிரியரோடு உட்கார வேண்டும். இடத்தை மாற்றுவது, இடைவேளையில் யார் எங்கே நிற்பது என்று பார்ப்பது, பேருந்து நிறுத்தத்தில் யாராவது இருக்கச் செய்வது, தேவைப்பட்டால் காவல்துறைக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தெரியப்படுத்துவது எல்லாம் இதில் சேரும்.

கிண்டல் செய்த பிள்ளைகளையும் அவர் தனியாகச் சந்திப்பார். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி ‘கை குடுத்துக்கோங்க, இனிமே ஃப்ரெண்ட்ஸ்’ என்று முடித்துவைப்பது நம் பள்ளிகளில் வழக்கம். பலம் சமமில்லாத இருவரை அப்படிச் சமாதானம் செய்துவைத்தால், வாசலைத் தாண்டியதும் பலமுள்ளவன் கணக்குத் தீர்ப்பான். சுற்றி நின்று சிரிப்பவர்களையும் மறக்கக்கூடாது. பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவாலி உருவாக்கிய ‘கிவா’ என்ற துன்புறுத்தல் தடுப்புத் திட்டம் 2009 முதல் அந்த நாடு முழுவதும் போனது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் திருப்புவதுதான் அதன் முக்கிய வேலை. சிரிக்க ஆள் இல்லாத இடத்தில் கிண்டல் நீடிப்பதில்லை என்பது அதன் அடிப்படை.

பீகார் காட்டிய வழி

இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும், பணமுள்ள பள்ளியில் நடக்கும் என்று தோன்றலாம். பீகார் மாநிலம் நாலந்தா மாவட்டத்தில், 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

‘சங்கத்’ என்ற அமைப்பும், விக்ரம் படேல், சச்சின் ஷிண்டே உள்ளிட்ட ஆய்வாளர்களும் நடத்திய அந்த ஆய்வின் பெயர் ‘சேஹர்’. பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் மனநலத் திட்டத்தை நடத்த ஒவ்வொரு பள்ளிக்கும் தனியாக ஒருவரை நியமித்தார்கள். அவர் மருத்துவரோ உளவியலில் பெரிய பட்டம் வாங்கியவரோ அல்ல. பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர் ஆள். இன்னொரு பகுதியில் அதே திட்டத்தை நடத்தும் பொறுப்பு அந்தந்தப் பள்ளி ஆசிரியருக்கு. மூன்றாவது பகுதியில் அரசின் வழக்கமான வாழ்க்கைத் திறன் பாடம் மட்டும். பிள்ளைகள் மனத்தில் இருப்பதை எழுதிப் போடும் பெட்டி, சுவர் இதழ், கூட்டங்கள், கிண்டலும் வன்முறையும் கூடாது என்ற பள்ளி விதிகள், தனியாகப் பேச ஆலோசனை நேரம் ஆகியவை திட்டத்தின் உள்ளடக்கம்.

2018-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வந்தது. தனி ஆள் இருந்த பள்ளிகளில் பள்ளியின் சூழலே மாறியிருந்தது. கிண்டலும் வன்முறையும் குறைந்தன, மனச்சோர்வும் குறைந்தது. ஆசிரியரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. திட்டம் ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுதான், நடத்திய ஆள் மட்டும்தான் வேறு.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் ஸ்ரீகலா பரத், கிஷோர் குமார் ஆகியோர் கர்நாடகப் பள்ளிகளில் ஆசிரியர்களைக் கொண்டு வாழ்க்கைத் திறன் வகுப்புகள் நடத்தி, பிள்ளைகளின் தன்மதிப்பும் சமாளிக்கும் திறனும் உயர்ந்ததை 2010-இல் பதிவு செய்திருக்கிறார்கள். வகுப்பாகச் சொல்லித்தர வேண்டியதை ஆசிரியர் நன்றாகவே செய்வார். ஆனால் மார்க் போடும் கையிடம், காலையில் திட்டிய வாயிடம், அதே ஊரில் அதே தெருவில் வீடு உள்ள ஒருவரிடம், தன் அவமானத்தைக் கொண்டுபோய்க் கொட்டப் பிள்ளை தயங்கும். அந்தத் தயக்கத்தை எந்த உத்தரவும் போக்காது.

காணையில் இப்போது இருப்பது

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் கலந்து குழுக்களாக்கும் ‘மகிழ் முற்றம்’ வந்திருக்கிறது. வேறு வேறு தெருப் பிள்ளைகள் ஒரே அணியில் நிற்பது விழுப்புரம் மாவட்டத்தில் சின்ன விஷயமல்ல. பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, மனநலத்துக்கான 14416 ஆகிய எண்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஆனால் இவை பிள்ளையின் கைக்கு எப்படி எட்டும் என்றும் பார்க்க வேண்டும். எண்ணை அழைக்கப் போன் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அம்மாவிடம் தனியாக ஒரு போன் இருந்தாலும், அதில் பேசினால் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். முண்டியம்பாக்கம் போக விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும், ‘மனநலப் பிரிவு’ என்ற பலகையின் கீழே உட்கார ஊர்ப்பேச்சுக்கு அஞ்ச வேண்டும். பெட்டியில் சீட்டுப் போட்டால், அடுத்த நிமிடமே ‘இன்னாடி எழுதிப் போட்ட’ என்று கேட்கத் தோழி நிற்பாள். இவை எல்லாம் தேவைதான். ஆனால் இவற்றுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு ஆள் இருந்தால்தான் இவை வேலை செய்யும்.

நடமாடும் ஆலோசனை மையங்கள் என்று வண்டியில் உளவியலாளர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பும் முயற்சியும் தமிழ்நாட்டில் நடந்தது. நோக்கம் நல்லது. ஆனால் ஒருவருக்குப் பல மாவட்டம் என்றால், காணை ஒன்றியத்தின் உள்கிராமப் பள்ளிக்கு அவர் மறுபடி வரும்போது, போன முறை பேசத் தொடங்கிய பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும். நம்பிக்கை என்பது தினமும் கண்ணில் படும் முகத்தின் மேல்தான் வரும்.

சட்டத்தின் பக்கமும் இப்போது வலுவாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு உடல் தண்டனை தரக்கூடாது, மனத் துன்புறுத்தலும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், சுக்தேப் சாகா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு என்ற வழக்கில், நாடு முழுவதும் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல்களை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும், சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நூறு பிள்ளைகள் என்பது காணைப் பக்கத்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குச் சாதாரணமான எண்ணிக்கை.

அதுவரை

ஆலோசகர் வரும்வரை வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. பிள்ளை ஏதோ சொல்ல வந்தால், ‘நீ என்ன செஞ்ச?’ என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். பாதியில் நிறுத்தினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், மறுநாள் மாடு கட்டும்போதோ பாத்திரம் கழுவும்போதோ பக்கத்தில் நில்லுங்கள். முகம் பார்க்காமல் வேலை செய்துகொண்டே பேசும்போது பிள்ளைகள் கூடுதலாகப் பேசுவார்கள். கேட்ட கையோடு அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். என்ன செய்யலாம் என்று பிள்ளையையே கேளுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள், தலைமையாசிரியரிடம் எழுத்தாகக் கொடுங்கள், யார் சொன்னது என்று வகுப்பில் தெரியக்கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பல நாள் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, ‘நான் இல்லாமயே இருக்கலாம்’ என்ற மாதிரி பேச்சு வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அன்றே 14416-ஐ அழையுங்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். திடீரென்று மாறிய பிள்ளையைப் பட்டியலிடுங்கள். மார்க் சரிந்தவர், அடிக்கடி லீவு எடுப்பவர், புதிதாகச் சண்டை போடுபவர், இடைவேளையில் தனியாக நிற்பவர். தண்டனைக்கு முன்னால் ஒரு முறை, தனியாக, ‘ஒரு மாசமா ஒனக்கு என்னமோ சரியில்லன்னு எனக்குத் தோணுது’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

பெற்றோர்கள் கையில் இன்னொரு கருவியும் இருக்கிறது, அதை நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெரும்பான்மை பெற்றோர்தான். கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடும் அதே கூட்டத்தில் இதற்கும் போடலாம். உச்ச நீதிமன்றத்தின் 2025 வழிகாட்டுதலின்படி எங்கள் பள்ளிக்கு ஆலோசகர் வேண்டும். நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைப்படி காணை ஒன்றியத்துக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர்களை, ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்றாவது, நியமிக்க வேண்டும். அவர்கள் உட்காரக் கதவு சாத்தக்கூடிய ஒரு அறையும் வாரத்தில் குறித்த நாளும் எங்கள் பள்ளியில் ஒதுக்கித் தருகிறோம். இந்த மூன்று வரியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நகலை விழுப்புரம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஒரு பள்ளி கொடுத்தால் மனு என்று வாங்கிவைப்பார்கள். ஒன்றியத்தின் எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதத்தில் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.